எங்க நடுநிலைப்பள்ளிய வெறும் ஆவரேஜ வச்சு எடை போடாதீங்க: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் டெல்டாவுல ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியோட மேலாண்மைக் குழுவுல பெற்றோர் உறுப்பினர். என் பொண்ணு அங்க ஏழாவது படிக்கிறா. ஊர்ல இ-சேவை மையம் வச்சிருக்கேன், சாதிச் சான்று வருமானச் சான்று முதல் பட்டதாரி சான்றுன்னு பாதி ஊர் என் கடை பெஞ்சுல வந்து உக்காந்துட்டுத்தான் போகும். ஊர் பேரு, ஸ்கூல் பேரு ரெண்டும் எழுதல, நான் எழுதுனதுக்கு நாளைக்கு எங்க ஹெச்.எம். டீச்சர் எங்கயாவது போய் பதில் சொல்லிட்டு நிக்கக் கூடாது. அதோட இது எங்க ஒரு ஸ்கூல் விஷயமும் கிடையாது, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், பாபநாசம்னு எந்தப் பக்கம் போனாலும் இதே மாதிரி ஸ்கூல் இருக்கும்.

2025 பிப்ரவரியில 3, 5, 8ம் வகுப்புப் புள்ளைங்களுக்கு மாநில அளவுல அடைவுத் தேர்வு வச்சீங்க, ஸ்லாஸ்னு எல்லாரும் சொல்றது. அதோட ரிசல்ட்ட வச்சு ஹெச்.எம்.களை கூப்பிட்டு மீட்டிங் நடந்துச்சு. எங்க டீச்சர் திரும்பி வந்து குழுக் கூட்டத்துல சொன்னாங்க, எட்டாம் வகுப்பு கணக்குல நம்ம ஸ்கூல் கீழ கெடக்குதாம், எல்லார் முன்னாடியும் எழுந்திரிக்கச் சொல்லி "அங்க உக்காந்து என்ன பண்ணிட்டிருக்கீங்க"ன்னு கேட்டாங்களாம். பக்கத்துல இருந்த இன்னொரு ஆசிரியர் அவங்களுக்கு சப்போர்ட்டா ஒண்ணு சொன்னாராம், "அங்க வர்ற புள்ளைங்க அப்படி சார், அந்தத் தெருவுலேர்ந்து வர்றதுங்கள வச்சிக்கிட்டு என்ன பண்ண முடியும்"னு. அந்த ஆசிரியர் நல்ல எண்ணத்துல சொல்லியிருக்கலாம். ஆனா எனக்கு மொதல் பேச்சும் ஆகல, ரெண்டாவது பேச்சும் ஆகல. ரெண்டு பேருமே அந்தப் புள்ளைங்க யாருன்னு பாக்கல, ஒருத்தர் டீச்சர் தலையில போட்டாரு, இன்னொருத்தர் புள்ளைங்க தலையில போட்டாரு, அவ்வளவுதான்.

எங்க ஸ்கூல்ல யாரு படிக்கிறாங்கன்னு சொல்றேன். நான் படிச்சப்ப குடியானத் தெரு, மேலத் தெரு, காலனி எல்லாத் தெரு புள்ளைங்களும் அங்கதான் வந்தோம். நெலம் வச்சிருந்த வீட்டுப் புள்ளையும் அவங்க வயல்ல நாத்துப் பறிக்கிற வீட்டுப் புள்ளையும் ஒரே பெஞ்சு. ஸ்கூல்ல ஒரு பம்பு ரிப்பேர் ஆனாலும் கேக்குறதுக்கு ஊர்ல நாலு பெரிய மனுசங்க இருந்தாங்க, அவங்க புள்ளையும் அங்கதானே தண்ணி குடிக்கணும். அப்பறம் டவுன்லேர்ந்து மஞ்சக் கலர் வேன் வர ஆரம்பிச்சுது. மொதல்ல நெலம் வச்சிருக்கவங்க வீட்டுலேர்ந்து போனாங்க, அப்பறம் மாச சம்பளக்காரங்க, அப்பறம் சிங்கப்பூர் துபாய்னு ஆள் போன வீடுங்க, கடைசியா டிராக்டர் ஓட்டுறவங்க மளிகைக் கடை வச்சிருக்கவங்ககூட கடன வாங்கியாவது அனுப்புறாங்க. 2012லேர்ந்து அரசுப் பள்ளியிலயும் இங்கிலீஷ் மீடியம் வந்துச்சு, 2019ல நடுநிலைப்பள்ளி வளாகத்துல இருந்த 2381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி யுகேஜிகூட ஆரம்பிச்சாங்க, அப்பவும் வேன் நிக்கல. இப்ப எங்க ஸ்கூல்ல இருக்கறது பெரும்பாலும் சொந்தமா ஒரு குழி நெலம்கூட இல்லாத வீட்டுப் புள்ளைங்க, அதுலயும் முக்கால்வாசிக்கு மேல ஒரே தெரு.

போனவங்கள நான் குத்தம் சொல்ல வரல, எந்த அப்பா அம்மாவும் புள்ள நல்லா வரணும்னுதான் நெனைப்பாங்க. ஆனா இப்படி ஆள் கொறைஞ்சதுல ஆவரேஜுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க யோசிக்கணும். ஒரு கணக்குக்கு சொல்றேன், ஒரு கிளாஸ்ல 20 புள்ளைங்கன்னு வச்சுக்கோங்க, 10 பேரு 70 மார்க் எடுக்குறவங்க, 10 பேரு 30 எடுக்குறவங்க, ஆவரேஜ் 50. அந்த 70 எடுக்குற பத்துப் பேரும் டிசி வாங்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கற பத்துப் புள்ளைங்களயும் டீச்சர் உக்கார வச்சு சொல்லிக் கொடுத்து 30லேர்ந்து 42க்குக் கொண்டு வந்துட்டாங்க. உங்க லிஸ்ட்ல என்ன வரும்? 50 இருந்த ஸ்கூல் 42க்கு எறங்கிருச்சுன்னு வரும். உண்மையில அங்க இருக்கற ஒவ்வொரு புள்ளையும் 12 மார்க் ஏறியிருக்கு. அந்த டீச்சருக்கு நீங்க கை குடுக்கணும், ஆனா மீட்டிங்ல எழுப்பி நிக்க வச்சுத் திட்டுவீங்க. கணக்குப் பாடத்துல புள்ளைங்க வீக்குன்னு மீட்டிங் போடுற இடத்துல இந்தக் கணக்க யாருமே போட்டுப் பாக்கலியேன்னுதான் எனக்கு வருத்தம்.

போறது யாரு, தங்குறது யாருங்குறதையும் என் கடையில உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் பள்ளியில 25 சதவீத சீட்டு ஏழைப் புள்ளைங்களுக்குன்னு இருக்கு, வருஷா வருஷம் ஏப்ரல் மே ஆச்சுன்னா என் கடையிலதான் அப்ளிகேஷன் போடுவாங்க (2025ல மட்டும் அந்த மாசத்துல சேர்க்கை ஆரம்பிக்கல, அது தனிப் பிரச்சனை). அந்த அப்ளிகேஷனுக்கு பிறப்புச் சான்று வேணும், வருமானச் சான்றோ சாதிச் சான்றோ வேணும், ஓடிபி வர்றதுக்கு கையில ஒரு நம்பர் உயிரோட இருக்கணும். இதெல்லாம் சரியா வச்சிருக்கற அப்பா அம்மா ஏழையா இருந்தாலும் வெவரம் தெரிஞ்சவங்க, புள்ளைய வீட்டுல உக்கார வச்சு "என்ன படிச்ச"ன்னு கேக்குறவங்க. இந்தக் காயிதத்துல ஒண்ணு இல்லாம திரும்பிப் போறவங்க, கடைக்கே வராம வேலைக்குப் போயிட்டவங்க, புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளைங்க, பேரப் புள்ளைய வளக்குற கெழவிங்க, இவங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் நம்ம ஸ்கூலுக்குத்தான் வருது. ஏழைன்னு ஒரே கட்டத்துல டிக் அடிச்சிட்டா இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏழையிலயும் கஷ்டம் அதிகமா இருக்கறவங்களோட ஸ்கூல் எங்களுது.

சாதியப் பத்தியும் பேசித்தான் ஆகணும், பேசலேன்னா இந்த லெட்டருக்கு அர்த்தமே இல்ல. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல பட்டியல் சாதி மக்கள் 20 சதவீதம், திருவாரூர் மாவட்டத்துல மட்டும் 34 சதவீதத்த ஒட்டி, நாகப்பட்டினத்துல 31 சதவீதத்துக்கு மேல. இந்த நெல்லு பூமியோட உழைப்பு பூராவும் அவங்களோடதுதான். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே 1952லதான் தஞ்சாவூருக்கு வந்துச்சு. கூலி கூடக் கேட்டதுக்கு 1968ல கீழ்வெண்மணியில 44 பேர ஒரு குடிசையில வச்சு எரிச்ச மண்ணு இது. இன்னைக்கு எங்க ஸ்கூல்ல எட்டாவது படிக்கிற புள்ளையோட தாத்தா அந்தக் காலத்துல வயல்ல ஆடு மாடு மேச்ச பையன். அப்பா அஞ்சாவதோ எட்டாவதோ படிச்சிட்டு வேலைக்குப் போனவரு. அப்படிப் பாத்தா படிப்புங்குறது அந்த வீட்டுக்குள்ள நொழைஞ்சே ஒரு தலைமுறைதான் ஆகுது. மேலத் தெரு வீட்டுல புள்ளைக்குக் கணக்கு வரலேன்னா சித்தப்பா சொல்லித் தருவாரு, அத்தை சொல்லித் தருவாங்க, இல்ல டியூஷன் வப்பாங்க. இங்க ஸ்கூல் மணி அடிச்சா அன்னைக்குப் படிப்பு முடிஞ்சிது. இதெல்லாம் புள்ளையோட மூளையில இருக்கற கொறையான்னு நீங்களே சொல்லுங்க.

அடுத்து ஒண்ணு, டெல்டாவுல வேலை பாக்குற அதிகாரி ஒவ்வொருத்தரும் தெரிஞ்சிக்க வேண்டியது, எங்க ஸ்கூல் வருகைப் பதிவேடு பயிர் கூடவேதான் ஏறும் எறங்கும். 2025லயும் மேட்டூர்ல ஜூன் 12ல தண்ணி தொறந்தாங்க. குறுவை அறுப்பும் சம்பா நடவும் செப்டம்பர் அக்டோபர்ல ஒண்ணா வந்து விழும், அப்பத்தான் காலாண்டுப் பரீட்சை. பொம்பளைங்க விடியக்காலை 5 மணிக்கு மினி வேன்ல அடுத்த ஊருக்கு நடவுக்குப் போயிடுவாங்க, வீட்டுல பெரிய பொண்ணு எந்திரிச்சு தம்பி தங்கச்சியக் கெளப்பி விடணும், கைக்குழந்தை இருந்தா அவ வீட்டுலயே நின்னுக்குவா. அரையாண்டுப் பரீட்சை டிசம்பர்ல, அது மழைக் காலம், வாய்க்கால் ரொம்பி ரோட்டு மேல ஓடும், கூரை வீட்டுல ஒழுகுனா புத்தகப் பை மொதல்ல நனையும். தை பொறந்தா சம்பா அறுப்பு, உங்க ஸ்லாஸ் தேர்வ சரியா அந்த பிப்ரவரியிலதான் வச்சீங்க. அப்பறம் பங்குனியில நெல்லு தரிசுல வெதைச்ச உளுந்து, பயறு எடுப்பு, அது மிஷின்ல பெருசா நடக்காது, குனிஞ்சு கையாலதான் பறிக்கணும், வெயில் ஏறுனா காய் வெடிச்சிடும்னு விடியறதுக்கு முன்னாடியே போகணும், அதுக்கு ஆறாவது ஏழாவது படிக்கிற புள்ளைங்களும் அம்மா கூடப் போயிடுதுங்க. முழு ஆண்டுப் பரீட்சை ஏப்ரல்ல. ஆக மூணு பரீட்சையும் எங்க மூணு நெருக்கடிக்கு நடுவுலதான் வருது.

இப்ப அறுப்பு மிஷின் வந்து ஆள் வேலைய கொறச்சிடுச்சு, நடவுக்கு பீகார் வங்காளத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க, அதனால இங்க வேலை கொறைஞ்ச ஆம்பளைங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கேரளாவுக்கும் போயிட்டாங்க. சில வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே போயிட்டாங்க, புள்ளைங்க அப்பாயி கிட்ட. அப்பாயிக்கு கண்ணு தெரியாது, அவங்களுக்கு டைரியில கையெழுத்துப் போடு, பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வான்னா எப்படி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்பா அம்மா வந்துட்டுப் போன மறுவாரம் அந்தப் புள்ளைங்க கிளாஸ்ல பேசவே பேசாதுங்கன்னு எங்க டீச்சர் சொல்லுவாங்க.

சாப்பாட்டு விஷயம் ஒண்ணு. காலை உணவுத் திட்டத்த தமிழ்நாடு பூரா விரிவாக்குனது 2023 ஆகஸ்ட் 25ல நம்ம திருக்குவளை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியிலதான், எங்க பக்கமெல்லாம் அன்னைக்கு ஒரே சந்தோஷம். அந்தத் திட்டம் வந்ததுலேர்ந்து எங்க ஸ்கூல்ல சின்ன வகுப்புப் புள்ளைங்க நேரத்துக்கு வந்துடுதுங்க, இத நானே கண்ணால பாக்குறேன். ஆனா அது 1லேர்ந்து 5 வரைக்கும்தான். நடுநிலைப்பள்ளின்னா ஒரே காம்பவுண்டுக்குள்ள 1லேர்ந்து 8 வரைக்கும் இருக்கும், தங்கச்சிய கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து பந்தியில உக்கார வச்சிட்டு ஆறாவது படிக்கிற அக்கா வெறும் வயித்தோட கிளாஸுக்குப் போறா. காலையில மொத ரெண்டு பீரியட் கணக்கு. அந்தப் புள்ளைக்கு பின்னம் ஏறலேன்னா அதுக்கு டீச்சர் என்ன செய்வாங்க.

இன்னொரு பெரிய விஷயம், அந்த எட்டாம் வகுப்பு பேட்ச் எதுன்னு யாராவது திரும்பிப் பாத்தீங்களா. 2024-25ல எட்டாவது படிச்சவங்க 2019-20ல மூணாவது. 2020 மார்ச்ல கொரோனாவுக்கு ஸ்கூல மூடுனோம், 1லேர்ந்து 8 வரைக்கும் திரும்பத் தொறந்தது 2021 நவம்பர் 1ம் தேதி. அப்படின்னா நாலாம் வகுப்பு முழுசும், அஞ்சாம் வகுப்புல பாதியும் இந்தப் புள்ளைங்க கிளாஸ்ரூம பாக்கவே இல்ல. கழித்தல்ல கடன் வாங்குறது, வகுத்தல், பின்னம் எல்லாம் அங்கதான் வரும். கல்வித் தொலைக்காட்சியில பாடம் போட்டாங்க, நல்ல விஷயம்தான், ஆனா டிவி முன்னாடி ஒரு மணி நேரம் சும்மா உக்காருற வீடா எங்க தெரு வீடெல்லாம்? அப்பறம் இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு, எங்க தெருவுல ஒரு தன்னார்வலர் பொண்ணு சாயங்காலம் கோயில் திண்ணையில உக்காந்து சொல்லிக் குடுத்தா, அது நடந்த வரைக்கும் நல்லா நடந்துச்சு. 2022ல அடிப்படை வாசிப்பு, கணக்குக்குன்னு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப அது 1லேர்ந்து 3 வரைக்கும்தான், இவங்க அப்ப ஆறாவதுக்குப் போயிட்டாங்க. அடுத்த வருஷம் 4, 5க்கும் கொண்டு வந்தீங்க, இவங்க ஏழாவதுல இருந்தாங்க. 2025 ஜூலையில 6லேர்ந்து 9 வரைக்கும் பின்தங்குன புள்ளைங்களுக்கு திறன் இயக்கம் ஆரம்பிச்சிருக்கீங்க, ஆனா அதுக்குள்ள இவங்க அந்த எட்டாவது பேப்பர எழுதி முடிச்சு ஒன்பதாவதுக்கு வேற ஸ்கூல் போயாச்சு. ஒவ்வொரு திட்டமும் நல்ல திட்டம், மனசாரச் சொல்றேன், ஆனா எண்ணும் எழுத்தும் இந்த ஒரு பேட்ச்சத் தாண்டியே போயிருக்கு, திறன் இயக்கம் லேட்டா வந்திருக்கு. கடைசியில அவங்க எழுதுன பேப்பர வச்சு ஒரு ஹெச்.எம். திட்டு வாங்குறாங்க.

டீச்சர் போஸ்டிங் விஷயத்துக்கு வர்றேன், இது உங்க கையிலயே இருக்கறது. சட்டம் என்ன சொல்லுது, 6லேர்ந்து 8 வரைக்கும் 35 புள்ளைக்கு ஒரு டீச்சர், அதுபோக கணக்கு அறிவியலுக்கு ஒருத்தர், சமூக அறிவியலுக்கு ஒருத்தர், மொழிக்கு ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். புள்ளைங்க எண்ணிக்கை கொறைவா இருந்தாலும் அந்த மூணு பேரு வேணும். ஆனா நடக்கறது வேற. ஆகஸ்ட் 1ம் தேதி எண்ணிக்கைய வச்சு எந்த ஸ்கூலுக்கு எத்தனை டீச்சர்னு பணியாளர் நிர்ணயம் பண்றீங்க, புள்ளைங்க கொறைஞ்சா உபரின்னு ஒரு டீச்சர எடுத்துடுறீங்க, இல்ல மாற்றுப்பணின்னு வேற ஸ்கூலுக்கு மூணு நாள் அனுப்புறீங்க. டீச்சர் இல்லேன்னு தெரிஞ்சதும் இன்னும் நாலு வீட்டுல டிசி கேக்குறாங்க. அடுத்த ஆகஸ்ட்ல எண்ணிக்கை இன்னும் கொறையுது, இன்னொரு டீச்சர் உபரி ஆகுறாங்க. ஒரு கல்லு உருவுனதும் செவுரு எறங்குற மாதிரி வருஷா வருஷம் எறங்கிட்டே போகுது. எங்க ஸ்கூல்லயும் நடுவுல கணக்கு டீச்சர் மாற்றுப்பணியில போயிட்டாங்க, அந்த நேரத்துல தமிழ் டீச்சர்தான் கணக்கையும் பாத்துக்கிட்டாங்க. அவங்களால முடிஞ்சத செஞ்சாங்க. அந்தக் கணக்கும் உங்க லிஸ்ட்ல இல்ல. எமிஸ்ங்குற கல்வித் துறையோட கம்ப்யூட்டர் பதிவுல டெய்லி பதியறது, அந்த டேட்டா இந்த டேட்டான்னு கேக்குறதுக்கு பதில் அனுப்புறது, இதுக்கு ஒரு டீச்சரோட பாதி நாள் போகுது, அது தனி.

இவ்வளவும் சொன்னதுக்கு அப்பறம், "அதான் நாங்களும் சொன்னோம், இந்தப் புள்ளைங்கள வச்சு என்ன பண்ண முடியும்"னு எந்த ஆசிரியராவது இத எடுத்துக் காட்டுனா அத நான் ஒத்துக்க மாட்டேன். வீட்டு நெலமை தெரிஞ்சிக்கிறது எந்தப் புள்ளைக்கு எங்க முட்டுக் குடுக்கணும்னு பாக்குறதுக்கு. இவங்களுக்கு இவ்வளவுதான் வரும்னு கோடு போடுறதுக்கு அத யாரும் எடுக்கக் கூடாது. எங்க ஸ்கூல்லயே ஒரு பொண்ணு இருந்தா, அப்பா திருப்பூர்ல, அம்மா நடவு ஆளு. எட்டாவதுல தேசிய வருவாய் வழி திறன் படிப்புதவித் தேர்வு எழுதுனா. அந்தத் தேர்வு அரசு, அரசு உதவி பெறும் பள்ளி எட்டாம் வகுப்புப் புள்ளைங்களுக்குன்னே இருக்கறது, மனத்திறன்ல 90 கேள்வி, பாடத்துல 90 கேள்வி, தேர்வானா ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1000 ரூபா. ஹெச்.எம். டீச்சர் பழைய கேள்வித்தாளெல்லாம் என் கடையிலதான் பிரிண்ட் எடுப்பாங்க, சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரம் அந்தப் புள்ளைங்கள உக்கார வப்பாங்க, போகும்போது அவங்க அவங்க தெரு முனை வரைக்கும் போய் விட்டுட்டு வருவாங்க. அந்தப் பொண்ணோட வருமானச் சான்றுக்கு அவங்க அம்மா ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்து என் கடையில உக்காந்திருந்தாங்க, ஆதார்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, அத சரி பண்ணவே நாள் ஓடிடுச்சு. கடைசி நேரத்துல அப்ளிகேஷன் போட்டோம். பாஸ் பண்ணுனா. இப்ப மேல்நிலைப்பள்ளியில சயின்ஸ் குரூப் படிக்கிறா.

அந்தப் பொண்ணும் அதே தெருதான். கூடவே உக்காந்து படிச்சதுல தேர்வாகாத புள்ளைங்களுக்கும் கணக்குல பயம் போயிடுச்சுன்னு டீச்சர் சொன்னாங்க, அதுவும் எந்த லிஸ்ட்லயும் வராது. ஆனா ஒரு ஹெச்.எம். சொந்தக் காச போட்டு சாயங்காலம் உக்காந்தாத்தான் இது நடக்கும்னா அது ஒரு ஸ்கூலுக்குப் போதும், ஒன்றியம் பூராவுக்கும் போதாது.

நீங்க என்ன செய்யணும்னு கேட்டா, புதுசா ஒரு படிவமும் வேண்டாம், ஏற்கனவே இருக்கறத ஒண்ணா வச்சுப் பாருங்க. எமிஸ்ல ஒவ்வொரு புள்ளைக்கும் நம்பர் இருக்கு, தினமும் வருகை பதியுறாங்க, சமூகம், பெத்தவங்க வெவரம் எல்லாம் அதுல இருக்கு, தேர்வு மார்க்கும் ஏறுது. ஒரு ஸ்கூலோட ரிசல்ட்ட பாக்குறப்ப அதே புள்ளை ஆறாவதுல சேந்தப்ப எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க. ஆறாவதுக்கு சுத்துப்பட்டு தொடக்கப்பள்ளியிலேர்ந்தெல்லாம் புள்ளைங்க வருது, வர்றப்பவே எழுத்துக் கூட்டிப் படிக்கிற புள்ளை எத்தனைன்னு ஜூன் மாசமே எழுதி வச்சுக்கோங்க, எட்டாவது முடிக்கிறப்ப அதுலேர்ந்து கணக்குப் போடுங்க. வருகைய வருஷத்துக்கு ஒரு சதவீதமா பாக்காம மாசா மாசம் பாருங்க, எந்த மாசம் எந்தத் தெரு புள்ளைங்க கொறையுதுன்னு பளிச்னு தெரியும். நடவு மாசத்துல அங்கன்வாடி நேரத்த காலையில கொஞ்சம் முன்னாடி தொறந்தாலே பெரிய பொண்ணுங்க பாதிப் பேரு ஸ்கூலுக்கு வந்துடுவாங்க. திறன் வகுப்ப சென்னையிலேர்ந்து வர்ற ஒரே கால அட்டவணைப்படி நடத்தாம, எங்க ஊர்ல வேலை கொஞ்சம் ஓஞ்சிருக்கற ஆகஸ்ட்லயும் நவம்பர்ல மழை விட்ட நாள்லயும் அழுத்தி நடத்துறதுக்கு ஹெச்.எம்.க்கு உரிமை குடுங்க.

ஸ்கூலுக்குள்ளயே எந்தப் பிரிவு புள்ளைங்க பின்தங்குதுன்னும் பாருங்க, ஆம்பளப் புள்ளை பொம்பளப் புள்ளை, பட்டியல் சாதி, மத்தவங்க, அப்பா அம்மா கூட இல்லாத புள்ளைங்கன்னு. ஆவரேஜ் நல்லா இருக்கற பெரிய ஸ்கூல்கள்லயும் அதைப் பாருங்க, மேல இருக்கற நாப்பது பேரோட மார்க்குல கீழ இருக்கற பத்துப் பேரு மறைஞ்சு போயிருப்பாங்க, அந்தப் பத்துப் பேரும் ஒரே தெருவா இருந்தா அந்த ஸ்கூல்கிட்டயும் கேள்வி கேக்கணும். ஆனா இது ஆபீஸ்ல உங்க கைக்குள்ளயே இருக்கணும். எந்தப் புள்ளை எந்த சாதின்னு கிளாஸ்ல எழுப்பி நிக்க வச்சுக் கணக்கெடுக்குறது, போர்டுல எழுதுறது, இதெல்லாம் எங்கயும் நடக்கக் கூடாது, என் கூடப் படிச்ச புள்ளைங்க அப்படி நின்னத நான் பாத்திருக்கேன்.

மேலாண்மைக் குழுக் கூட்டத்த மதியத்துல வைக்காதீங்க. சட்டப்படி குழுவுல முக்கால்வாசி பெத்தவங்க, பாதிப் பேரு பொம்பளைங்க இருக்கணும், இருக்காங்க, பேரு இருக்கு. ஆனா மதியம் 3 மணிக்கு அவங்க வயல்ல இருப்பாங்க, இல்ல 100 நாள் வேலையில இருப்பாங்க. சாயங்காலம் 6 மணிக்கு வைங்க, எல்லாரும் வருவாங்க, கேள்வியும் கேப்பாங்க. காலைச் சாப்பாட்ட 8 வரைக்கும் குடுக்கணும்னு மேல எழுதுங்க, அத நீங்க முடிவு பண்ண முடியாதுன்னு தெரியும், ஆனா கீழேர்ந்து யாருமே எழுதலேன்னா மேல எப்படித் தெரியும்.

இத நம்ம ஊர்க்காரங்களும் படிப்பாங்கன்னு தெரியும், அதனால அவங்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, மறு வருஷம் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம்னு மத்த படிப்புக்கும் வந்துச்சு. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச புள்ளைங்களுக்கு அது. பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா புதுமைப் பெண் திட்டமும் அதே கணக்குதான். பத்தாவது வரைக்கும் ஃபீஸ் கட்டி வேன்ல அனுப்பிட்டு, காசு முடியாம பதினொண்ணுல அரசுப் பள்ளிக்கு மாத்திட்டு, இது கெடைக்குமான்னு என் கடையில வந்து கேக்குற அப்பா அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட கெடைக்காதுன்னு சொல்றதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு. ஆறாவது சேக்குறப்பவே ஒரு தடவ யோசிங்க. பம்பு ரிப்பேர் ஆனா கேக்குற நாலு பேரு திரும்பவும் அந்த ஸ்கூலுக்கு வேணும்.

அதிகாரிகளுக்கு கடைசியா ஒண்ணு, இது அவசரம். ஆகஸ்ட் 1 கணக்கெடுப்பு வருது. இந்த வருஷமும் எங்க எண்ணிக்கை கொஞ்சம் கொறைவாத்தான் இருக்கும், மறைக்கல. அதப் பாத்துட்டு ஆறு ஏழு எட்டுக்கு இருக்கற கணக்கு டீச்சர உபரின்னு எடுத்துடாதீங்க, மாற்றுப்பணிக்கும் அனுப்பாதீங்க. திறன் வகுப்பு ஆரம்பிச்சதே 2025 ஜூலையிலதான், ஏழாவதுல வகுத்தல் வராத புள்ளைங்கள தனியா பிரிச்சு அவங்க சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, என் பொண்ணும் அந்த குரூப்லதான் இருக்கா. அடுத்த ஏப்ரல் வரைக்கும் அவங்கள அங்கயே விடுங்க, அப்பறம் வந்து அந்தப் புள்ளைங்களுக்கு நீங்களே கணக்குக் குடுத்துப் பாருங்க. நாங்க குழுவுல எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு ஒண்ணு வட்டாரக் கல்வி அலுவலகத்துல குடுக்கப் போறோம், கைநாட்டு வைக்கிறவங்களும் வப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப்பள்ளி மேலாண்மைக் குழுவோட பெற்றோர் உறுப்பினர்,
ஏழாம் வகுப்புப் புள்ளையோட அம்மா.